எஃப்8 அழுத்தினால் பில் வரவில்லை, சத்தம்தான் ஏறுகிறது

வாலாஜா வவுச்சர் | திங்கள், காலை 10.40

எல்லோருக்கும் வணக்கம். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் தோல் கெமிக்கல் விற்கும் கடையில் கணக்கு எழுதுகிறேன். பதினோரு வருஷமாக டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர்தான் சோறு போடுகிறது. பழைய டெஸ்க்டாப் போன வாரம் மொத்தமாகப் படுத்துவிட்டது. முதலாளி புது லேப்டாப் வாங்கிக் கொடுத்தார். அங்கேதான் வினை.

டேலி பிரைமில் சேல்ஸ் வவுச்சருக்கு எஃப்8 அழுத்தினால் ஸ்பீக்கர் சத்தம் ஏறுகிறது. பேமென்டுக்கு எஃப்5 அழுத்தினால் கீபோர்டுக்கு அடியில் விளக்கு எரிகிறது. தேதி மாற்ற எஃப்2 தட்டினால் திரை மங்கிப்போகிறது. இன்று காலை பழக்கதோஷத்தில் எஃப்12 தட்டினேன், ஏரோபிளேன் மோடுக்குப் போய் நெட்டே அறுந்துவிட்டது. சரக்கோடு போக வேண்டிய இ-வே பில் பாதியில் நிற்கிறது, வெளியே லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார்.

பக்கத்தில் ஒரு சர்வீஸ் கடையில் காட்டினேன். கீபோர்டையே மாற்ற வேண்டும், 2,800 ரூபாய் ஆகும் என்கிறார்கள். வாங்கி ஆறு நாள் ஆன லேப்டாப்புக்கு! மாற்றத்தான் வேண்டுமா? எந்தக் கம்பெனி லேப்டாப் என்று பொதுவில் போட வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார், மன்னிக்கவும்.

இலவம்பாடி முள்கத்திரி | திங்கள், காலை 10.52

டேலியில் வலது பக்கம் எல்லாப் பொத்தானும் வரிசையாக இருக்கிறதே, மவுஸால் கிளிக் செய்ய வேண்டியதுதானே. எதற்கும் விண்டோஸை ஒருமுறை ஃபார்மட் செய்து கீபோர்டு டிரைவரைப் புதிதாகப் போட்டுப் பாருங்கள்.

வாலாஜா வவுச்சர் | திங்கள், காலை 10.58

ஒரு நாளைக்கு நூற்றைம்பது பில் போடுகிறேன் அண்ணே. ஒவ்வொன்றுக்கும் மவுஸைத் தேடிப் பிடித்தால் நான் வாலாஜா போய்ச் சேர ராத்திரி பத்தாகும். ஃபார்மட் என்ற வார்த்தையை எங்கள் முதலாளி காதில் போட்டுவிடாதீர்கள்.

சத்துவாச்சாரி ஸ்பானர் | திங்கள், காலை 11.15

ஃபார்மட் எல்லாம் வேண்டாம். கீபோர்டையும் மாற்ற வேண்டாம். ஒரு ரூபாய்கூட யாருக்கும் கொடுக்காதீர்கள் அக்கா. மாதம் நாலு பேராவது இதே புகாரோடு என் கடைக்கு வருகிறார்கள்.

முதலில் எஃப்8 கீயை உற்றுப் பாருங்கள். ஒலிபெருக்கிப் படம் பெரிதாகவும், எஃப்8 என்ற எழுத்து ஓரத்தில் பொடியாகவும் இருக்கிறதா? பல லேப்டாப்பில் எது பெரிதாக அச்சாகியிருக்கிறதோ அதுதான் அந்தக் கீயின் முதல் வேலை. இன்னொரு வேலையை வாங்க வேண்டுமென்றால் இடது கீழ் மூலையில், கன்ட்ரோல் கீ பக்கத்தில் இருக்கும் எஃப்என் கீயைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

இப்போதே செய்து பாருங்கள். டேலியில் வவுச்சர் திரைக்குப் போய், எஃப்என் கீயை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு எஃப்8 தட்டுங்கள். சேல்ஸ் வந்தால் கீபோர்டு நூற்றுக்கு நூறு நல்லபடியாக இருக்கிறது. வரிசைதான் தலைகீழாக வைத்து விற்றிருக்கிறார்கள்.

வாலாஜா வவுச்சர் | திங்கள், காலை 11.21

வந்துவிட்டது தம்பி! லாரியையும் அனுப்பிவிட்டேன்.

ஆனால் தினமும் இப்படியே இரண்டு விரலாலா? கிரெடிட் நோட்டுக்கு ஆல்ட் எஃப்6 போட வேண்டும். அதற்கு எஃப்என், ஆல்ட், எஃப்6 என்று மூன்றையும் சேர்த்துப் பிடிப்பதற்குள் கை வீணை வாசிப்பது போல் ஆகிறது.

சத்துவாச்சாரி ஸ்பானர் | திங்கள், காலை 11.48

அதற்குத்தான் எஃப்என் லாக் இருக்கிறது. கேப்ஸ் லாக் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை மாற்றிவிட்டால் எஃப்1 முதல் எஃப்12 வரை நேராக எஃப் கீயாகவே வேலை செய்யும். சத்தம் ஏற்ற வேண்டும் என்றால் அப்போது எஃப்என் பிடித்தால் போதும். சிக்கல் என்னவென்றால் இந்தப் பூட்டை ஆளுக்கொரு இடத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

எஸ்கேப் கீயைப் பாருங்கள். அதில் பூட்டுப் படமோ, எஃப்என் என்று சின்ன எழுத்தோ இருந்தால் எஃப்என்னும் எஸ்கேப்பும் சேர்த்து ஒரு தட்டு, முடிந்தது. டெல்லில் பெரும்பாலும் இதுதான். லெனோவாவின் திங்க்பேடிலும் இதுதான், எஸ்கேப்பில் ஒரு விளக்கும் எரிந்து காட்டும். அசூஸ் புது மாடல்கள் பலவற்றிலும் இப்படியே.

எஸ்கேப்பில் ஒன்றும் இல்லையென்றால் பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் திறப்பதற்கு முன்னால் ஓடும் அடிப்படை அமைப்புக்குள், போக வேண்டியிருக்கும். ஹெச்பியின் வீட்டு உபயோக மாடல்களில் சிஸ்டம் கான்ஃபிகரேஷன் பக்கத்தில் ஆக்‌ஷன் கீஸ் மோட் என்று இருக்கும், அதை டிஸேபிள் செய்ய வேண்டும். லெனோவாவின் ஐடியாபேட் வகையில் கான்ஃபிகரேஷன் பக்கத்தில் ஹாட்கீ மோட். ஏசரில் மெயின் பக்கத்திலேயே ஃபங்ஷன் கீ பிஹேவியர் என்று ஒன்று, மீடியா கீ என்பதை ஃபங்ஷன் கீ என்று மாற்றினால் சரி.

மேக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. சிஸ்டம் செட்டிங்ஸ், கீபோர்டு, அதற்குள் கீபோர்டு ஷார்ட்கட்ஸ், ஃபங்ஷன் கீஸ் என்று போனால் ஒரு ஸ்விட்ச் இருக்கும்.

கம்பெனி பெயர் வேண்டாம், நான் சொன்னதில் உங்களுடையது எந்த வகை என்று மட்டும் சொல்லுங்கள்.

வாலாஜா வவுச்சர் | திங்கள், மதியம் 12.05

எஸ்கேப்பில் ஒன்றும் இல்லை. பயாஸ் வகைதான். பயாஸ் என்றாலே வயிற்றைக் கலக்குகிறது. ஏதாவது தப்பாக அமுக்கி டேலி டேட்டா போய்விட்டால்?

இலவம்பாடி முள்கத்திரி | திங்கள், மதியம் 12.11

ஃபார்மட் சொன்னதற்குத் திட்டு வாங்கிக்கொண்டேன், சரி. ஆனால் ஒரு சந்தேகம். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஏன் பயாஸ் வரை போக வேண்டும்? விண்டோஸ் செட்டிங்ஸிலேயே ஒரு பொத்தான் வைத்தால் என்ன? இல்லையென்றால் கீயை மாற்றி வைக்கும் சாஃப்ட்வேர்கள் இருக்கின்றனவே, அதில் எஃப்என் கீயையே நிரந்தரமாகப் பிடித்த மாதிரி வைக்க முடியாதா?

காட்பாடி பிளாட்பாரம் | திங்கள், மதியம் 1.30

இதற்கு நான் பதில் சொல்கிறேன், ஹாஸ்டல் மெஸ் கியூவில் நின்றுகொண்டு.

நாம் ஒரு கீயைத் தட்டினால் கீபோர்டு ஒரு எண்ணை அனுப்பும். எஃப்1 முதல் எஃப்10 வரை 59லிருந்து 68 வரைக்கும் வரிசையாக எண்கள். விண்டோஸ் அந்த எண்ணைப் பார்த்துத்தான் எந்தக் கீ என்று கண்டுபிடிக்கிறது. ஷிஃப்ட், கன்ட்ரோல், ஆல்ட் எல்லாவற்றுக்கும் தனித்தனி எண் உண்டு. பெரும்பாலான லேப்டாப்பில் எஃப்என்னுக்கு மட்டும் கிடையாது. அதை லேப்டாப்புக்குள் இருக்கும் ஒரு குட்டிச் சிப் தானே பார்த்து, தானே முடிவு செய்துவிடும். எஃப்8 என்று அனுப்புவதா, சத்தம் ஏற்று என்று அனுப்புவதா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. விண்டோஸின் காதுக்கு வருவது தீர்ப்பு மட்டும்தான், எஃப்என் பிடித்தீர்களா இல்லையா என்பதே அதற்குத் தெரியாது. அதனால்தான் கீ மாற்றும் சாஃப்ட்வேர் எதுவும் எஃப்என்னைத் தொட முடிவதில்லை. அந்தச் சிப்புக்குப் புத்தி சொல்லும் இடம் பயாஸ்.

பாதி வைத்தியம் ஒன்று இருக்கிறது. சத்தம் ஏற்றும் கீ விண்டோஸுக்கு எண்ணாக வந்து சேரும். ஆகவே மைக்ரோசாஃப்ட் பவர்டாய்ஸில் கீபோர்டு மேனேஜர் போய் "சத்தம் ஏற்று வந்தால் எஃப்8 என்று எடுத்துக்கொள்" என்று சொல்லலாம். வெளிச்சம் கூட்டும் கீ பல லேப்டாப்பில் அப்படிச் சிக்காது. ஆகவே பாதிக் கீ மாறும், பாதி மாறாது. அக்காவுக்கு அது சரிப்படாது.

இன்னொன்று. எஃப்11, எஃப்12 எண்கள் 69, 70 ஆக இருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை, 87, 88. ஏன் இப்படி எட்டப் போய் உட்கார்ந்திருக்கின்றன என்று எனக்கு ரொம்ப நாளாகக் கேள்வி.

லோயர் ஹையர் | திங்கள், மாலை 4.20

காட்பாடித் தம்பிக்கு நான் சொல்கிறேன். குடியாத்தத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்து, பிறகு கம்ப்யூட்டர் கிளாஸும் எடுத்தவன். இப்போது பேரப்பிள்ளைகளுக்கு மட்டும் எடுக்கிறேன்.

1981ல் ஐபிஎம் பிசி வந்தபோது எஃப் கீ மொத்தமே பத்துதான். இப்போது மாதிரி மேலே வரிசையாக இல்லை, இடது ஓரத்தில் இரண்டு பத்தியாக அடுக்கியிருக்கும். சுண்டுவிரலை நீட்டினால் எட்டும். எண்பதுகளின் நடுவில் 101 கீ உள்ள பெரிய கீபோர்டு கொண்டுவந்தார்கள். அதில்தான் எல்லாவற்றையும் தூக்கி மேலே வைத்து, எஃப்11, எஃப்12 என்று இரண்டைக் கூடச் சேர்த்தார்கள். அதற்குள் 69, 70 எண்களை நம்பர் லாக்கும் ஸ்க்ரோல் லாக்கும் பிடித்துக்கொண்டன. கடைசியில் பந்திக்கு வந்தவர்களுக்குக் கிடைத்த இலையில்தானே உட்கார வேண்டும்.

எக்செல்லில் எஃப்2 தட்டினால் செல்லுக்குள் திருத்தலாம், எஃப்4 தட்டினால் டாலர் குறி விழும், எஃப்5 தட்டினால் வேண்டிய இடத்துக்குத் தாவலாம், எஃப்9 தட்டினால் கணக்கை மறுபடி போடும். இதெல்லாம் எக்செல் கண்டுபிடித்ததில்லை. அதற்கு முன்பே லோட்டஸ் 1-2-3ல் இதே கீக்கு இதே வேலை. எங்கள் வகுப்பில் படித்துவிட்டுப் போன ஒருவர் நாற்பது வருஷம் தூங்கி எழுந்து வந்தாலும் எக்செல்லில் எஃப்4 தட்டினால் டாலர் விழும். ஆனால் இன்றைய லேப்டாப்பில் எழுந்தால் விழாது.

வேர்ட்பெர்ஃபெக்ட் பாடம் எடுத்தபோது எஃப் கீக்களுக்கு மேலே ஒரு அட்டைத்துண்டு வைப்போம். தனியாகத் தட்டினால் ஒரு வேலை, ஷிஃப்ட்டோடு ஒன்று, ஆல்ட்டோடு ஒன்று, கன்ட்ரோலோடு ஒன்று என்று நாலு நிறத்தில் அச்சிட்டிருக்கும். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்வார்கள். இந்தப் பன்னிரண்டு கீக்கும் அவ்வளவு மரியாதை இருந்த காலம்.

கோட்டை அகழி, மட்டுறுத்துநர் | திங்கள், மாலை 4.45

ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில் என்று நம்ம வேலூரைக் கிண்டல் செய்வார்கள் அல்லவா. ஜலகண்டேஸ்வரர் திரும்பக் கோட்டைக்குள் வந்ததும் அதே 1981தான். சாமி வந்துவிட்டார், எஃப் கீயும் வந்தது, பாலாற்றில் தண்ணி மட்டும்தான் பாக்கி. சரி, விஷயத்துக்கு வாருங்கள்.

இலவம்பாடி முள்கத்திரி | திங்கள், மாலை 5.02

நான் எதிர்க்கட்சி. இன்றைக்கு எத்தனை பேர் எஃப்7 தட்டி ஸ்பெல்லிங் பார்க்கிறார்கள்? என் பையன் ஆன்லைன் கிளாஸில் மைக்கை மூட ஒரே தட்டு. சத்தம், வெளிச்சம், மைக் எல்லாம் ஒரு விரலில் வருவதுதான் நூற்றில் தொண்ணூறு பேருக்கு வசதி. டேலிக்காரர்களுக்காக ஊரே இரண்டு விரலால் சத்தம் ஏற்ற வேண்டுமா?

வாலாஜா வவுச்சர் | திங்கள், மாலை 5.15

உங்கள் பையன் ஒரு மணி நேர வகுப்பில் எத்தனை தடவை மைக்கை மூடுவான் அண்ணே? நான் ஒரு மணி நேரத்தில் முப்பது தடவை எஃப்8 தட்டுகிறேன். ராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரைக்கும் தோல் கணக்கு எழுதுகிறவர்களை வரிசையில் நிறுத்தினால் தெரியும் யார் மெஜாரிட்டி என்று.

சத்துவாச்சாரி ஸ்பானர் | திங்கள், மாலை 5.40

எப்படி வேண்டுமானாலும் வைக்கட்டும். பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டில் "இப்படி மாற்றலாம்" என்று போட்டால் என்ன குறைந்துவிடும்? அது இல்லாததால்தான் ஆறு நாள் லேப்டாப்புக்கு 2,800 ரூபாய் கேட்கிறார்கள். என் தொழிலைச் சேர்ந்தவர் செய்ததுதான், எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அக்கா, பயாஸுக்குப் பயப்பட வேண்டாம். இந்த மாற்றம் டேலி டேட்டா பக்கமே போகாது. ஆனால் முன்னெச்சரிக்கையாக ஒன்று செய்யுங்கள். புது லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு நுழைந்திருந்தால் டிஸ்க் தானாகவே பூட்டுப் போட்டுக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. பயாஸில் கை வைத்த பிறகு அபூர்வமாக 48 இலக்க ரெகவரி கீ கேட்டு நிற்கும். அந்த நேரத்தில் தேடினால் கண்ணைக் கட்டும். ஆகவே முதலில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தில் அந்தக் கீயைப் பார்த்து ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். டேலிக்கு ஒரு பேக்கப்பும் பென்டிரைவில் எடுங்கள், எப்படியும் எடுக்க வேண்டியதுதானே.

லேப்டாப் ஆன் ஆகும்போது எஃப்10 தட்டு, எஃப்2 தட்டு என்பார்கள். இப்போது லேப்டாப்புகள் திறக்கும் வேகத்துக்கு விரல் ஓடாது. எளிய வழி, ஸ்டார்ட் மெனுவில் ரீஸ்டார்ட்டை ஷிஃப்ட் பிடித்துக்கொண்டு கிளிக் செய்யுங்கள். நீலத் திரை வரும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதற்குள் யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ். ரீஸ்டார்ட் கொடுத்தால் நேராகப் பயாஸில் கொண்டுபோய் விடும். அந்த ஒரு வரியை மட்டும் மாற்றிவிட்டுச் சேமித்து வெளியே வாருங்கள், பெரும்பாலும் எஃப்10தான் சேமிக்கும் கீ. சுற்றிப் பார்க்க வேண்டாம்.

விண்டோஸ் 7 காலத்தில் ஆன் ஆகும்போது எஃப்8 தட்டினால் சேஃப் மோட் வரும். விண்டோஸ் 8லிருந்து அதுவும் நேராக வராது. இன்னமும் பலர் என் கடையில் எஃப்8ஐத் தட்டித் தட்டி நிற்கிறார்கள்.

ஆரணி பாவு நூல் | திங்கள், இரவு 8.10

நடுவில் நுழைகிறேன். ஆரணி திருவண்ணாமலை மாவட்டம், இங்கே கேட்கலாமா தெரியவில்லை. என் லேப்டாப்பில் எஃப்5ம் எஃப்6ம் மட்டும் வேலை செய்யவில்லை. எஃப்என் சேர்த்துப் பிடித்தாலும் இல்லை, எஃப்என் லாக் போட்டாலும் இல்லை. மற்ற பத்தும் ஜோராக இருக்கின்றன.

கோட்டை அகழி, மட்டுறுத்துநர் | திங்கள், இரவு 8.14

1989க்கு முன்னால் நீங்களும் நாங்களும் வட ஆற்காடுதான். தாராளமாகக் கேளுங்கள்.

சத்துவாச்சாரி ஸ்பானர் | திங்கள், இரவு 8.50

உங்களுடையது வேறு நோய். பூட்டு விஷயம் என்றால் பன்னிரண்டும் சேர்ந்தே மாறும். இரண்டு மட்டும் செத்திருந்தால் கீபோர்டின் உள்ளேதான் கோளாறு என்று சந்தேகிக்க வேண்டும். அவற்றுக்குக் கீழே இருக்கும் எண் வரிசையில் 5, 6 ஒழுங்காக விழுகிறதா?

உறுதி செய்ய ஒரு வழி. விண்டோஸில் ஆன்ஸ்கிரீன் கீபோர்டைத் திறங்கள். அதில் எஃப்என் என்பதைக் கிளிக் செய்தால் எண் வரிசை எஃப்1, எஃப்2 என்று மாறும். அதில் எஃப்5ஐக் கிளிக் செய்து பிரவுசரில் பக்கம் புதுப்பிக்கிறதா பாருங்கள். அப்புறம் யாரிடமாவது ஒரு யுஎஸ்பி கீபோர்டு வாங்கிச் செருகி அதிலும் எஃப்5 தட்டுங்கள். இரண்டிலும் வந்தால் விண்டோஸ் மேல் தப்பில்லை. கடைசியாக ஒரு கேள்வி, மறைக்காமல் சொல்லுங்கள். டீ எதுவும் ஊற்றினீர்களா?

ஆரணி பாவு நூல் | திங்கள், இரவு 9.05

இரண்டிலும் வருகிறது. எண் 6ம் சில சமயம் விழுவதில்லை, நீங்கள் சொன்ன பிறகுதான் கவனித்தேன். டீ இல்லை. பாதாம் பால்.

சத்துவாச்சாரி ஸ்பானர் | திங்கள், இரவு 9.09

சர்க்கரை வேறா. கீபோர்டு மாற்ற வேண்டியதுதான். உங்களுக்கு மட்டும் அந்தச் செலவு உண்டு.

காட்பாடி பிளாட்பாரம் | செவ்வாய், அதிகாலை 1.15

எனக்கும் ஒரு கதை. புதிதாக மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கினேன். விண்டோஸில் எஃப் கீ எல்லாம் சரி, உபுண்டு என்ற லினக்ஸில் ஒன்றும் ஓடவில்லை. எஃப்என் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் வெளிச்சமும் சத்தமும்தான். ஒரு ராத்திரி முழுக்கத் தேடிய பிறகு புரிந்தது. அந்தக் கீபோர்டு லினக்ஸிடம் தன்னை ஆப்பிள் கீபோர்டு என்று சொல்லிக்கொள்கிறது. லினக்ஸும் நம்பி ஆப்பிள் டிரைவரைக் கொடுத்துவிடுகிறது. அந்த டிரைவரில் எஃப்என்மோட் என்று ஒரு அமைப்பு உண்டு. அதை 2 என்று வைத்தால் எஃப் கீக்கு முதலிடம். மாற்றியதும் எல்லாம் சரியாகிவிட்டது. ரீபூட் ஆனாலும் நிலைக்க மாட்ப்ரோப் என்ற அமைப்பு ஃபைலில் ஒரு வரி எழுத வேண்டும். யாருக்காவது வேண்டுமென்றால் தனி இழை திறக்கிறேன், இங்கே எழுதினால் முள்கத்திரி அண்ணன் ஃபார்மட் செய்யச் சொல்வார்.

லோயர் ஹையர் | செவ்வாய், காலை 6.30

ராத்திரி ஒன்றேகால் வரை விழித்திருந்தால் காலை வகுப்பில் யார் உட்காருவது தம்பி?

ஆப்பிள் என்றதும் ஞாபகம் வருகிறது. 2016ல் மேக்புக் ப்ரோவில் எஃப் கீ வரிசையையே எடுத்துவிட்டு, தொடும் கண்ணாடிப் பட்டை ஒன்றைப் பதித்தார்கள். தடவிப் பார்த்தால் எந்தக் கீ என்று விரலுக்குத் தெரியாது. 2021ல் வந்த புது மாடல்களில் முழு உயரத்தில் நிஜக் கீக்களைத் திரும்ப வைத்தார்கள். கண்ணால் பார்க்காமல் விரலால் தேடுகிறவனுக்கு மேடு பள்ளம் வேண்டும், அதைத்தான் நாற்பது வருஷம் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வாலாஜா வவுச்சர் | செவ்வாய், காலை 10.25

செய்துவிட்டேன்! தம்பி சொன்னபடியே பேக்கப் எடுத்து, 48 எண்ணையும் டைரியில் எழுதிக்கொண்டு, ஷிஃப்ட் பிடித்து ரீஸ்டார்ட் போட்டேன். நீலத் திரை வந்ததும் கை நடுங்கியது உண்மை. அந்த ஒரே வரி, எனேபிள் என்று இருந்ததை டிஸேபிள் ஆக்கி எஃப்10. ரெகவரி கீ எதுவும் கேட்கவில்லை. மொத்தம் நாலு நிமிஷம்.

எஃப்8 தட்டினால் சேல்ஸ். எஃப்9 பர்ச்சேஸ். எஃப்7 ஜர்னல். ஆல்ட் எஃப்6 பழையபடி இரண்டே விரல். இப்போது வரை இருபத்திரண்டு பில் போட்டுவிட்டேன்.

சத்துவாச்சாரி ஸ்பானர் | செவ்வாய், காலை 10.40

சந்தோஷம் அக்கா. அந்த டைரியை லேப்டாப் பைக்குள்ளேயே வைத்துவிடாதீர்கள்.

வாலாஜா வவுச்சர் | செவ்வாய், இரவு 7.50

ஒரு பின்குறிப்பு. சாயங்காலம் முதலாளி லேப்டாப்பில் கிரிக்கெட் ஹைலைட்ஸ் போட்டுக்கொண்டு சத்தம் ஏற்றப் பார்த்திருக்கிறார். ஏறவில்லை. நான் ஸ்டோர் ரூமிலிருந்து வருவதற்குள் அந்தச் சர்வீஸ் கடைக்கே போன் போட்டுவிட்டார். நாளைக் காலை ஆள் வருகிறானாம், கீபோர்டு மாற்ற.

எஃப்என் பிடித்து அழுத்துங்கள் சார் என்று செய்து காட்டி, கடைக்குத் திரும்பப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் லோயர் ஹையர் ஐயா சொன்ன மாதிரி ஒரு அட்டைத்துண்டு வெட்டி, "சத்தத்துக்கு எஃப்என் சேர்க்கவும்" என்று சிவப்பு மையில் எழுதி எஃப் கீ வரிசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.